ஓட்ஸ் பாலில் அன்றாடச் சமையல்: வடசென்னை அடுப்படிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டில் இருந்தால், முதலில் தடுமாறுவது காலை டீ. அதன்பின் காபி, பாயசம், குருமா, மோர் என்று வரிசையாக எல்லாமே கேள்விக்குள்ளாகும். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் விடிவதற்குள் பால் பாக்கெட் வந்துவிடும் வீடுகளில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். மாதவரம் பால் பண்ணை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் பாலில்லாமல் சமைப்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பாலுக்குப் பதிலாக, ஓட்ஸைத் தண்ணீரில் அரைத்து வடிகட்டி எடுக்கும் ஓட்ஸ் பாலைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளோ குளிர்நாட்டுச் சமையலறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் குழாய்த் தண்ணீர் அவற்றின் கணக்கிலேயே இல்லை. நம் தட்பவெப்பத்துக்கும் நம் பதார்த்தங்களுக்கும் ஏற்றபடி இதை எழுதுகிறேன்.

ஓட்ஸ் பாலைப் பாலாக நினைத்துக் கையாண்டால் எல்லாம் கெடும். கஞ்சியாக நினைத்துக் கையாண்டால் பெரும்பாலும் சரியாக வரும். மாட்டுப்பாலின் குணத்தைத் தீர்மானிப்பவை அதிலுள்ள கேசீன் என்ற புரதமும் கொழுப்பும். அதனால்தான் அது பொங்குகிறது, ஆடை கட்டுகிறது, உறைகிறது, சுண்டினால் கோவாவாகிறது. ஓட்ஸ் பாலில் கேசீன் கிடையாது. அது மாவுச்சத்து மிதக்கும் நீர். மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீரை உறிஞ்சி உப்புகிறது, கெட்டியாகிறது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முறைக்கும் காரணம் தானாகவே புரியும்.

யாருக்கு உதவும், யார் கவனமாக இருக்க வேண்டும்

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிலர் உடலில் குறைவாகச் சுரக்கும். பால் குடித்தால் வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு என்று அவதிப்படுவார்கள். இவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிரும் நெய்யும் ஒத்துக்கொள்ளும். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. நெய்யில் அது ஏறக்குறைய இல்லை. பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலின் புரதத்தை உடல் எதிர்ப்பதால் வருவது. அவர்களுக்கு நெய், தயிர், பால்பவுடர் சேர்த்த பிஸ்கட் எதுவும் கூடாது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே சமையலை மாற்றுங்கள். பாயசத்துக்கு முந்திரியை நெய்யில் வறுப்பதா, தேங்காய் எண்ணெயில் வறுப்பதா என்பதுகூட இதைப் பொறுத்ததுதான்.

சத்து விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கடையில் விற்கும் ஓட்ஸ் பாலில் புரதம் சுமார் 1 கிராம்தான். வீட்டில் அரைப்பதில் அதைவிடக் குறையலாம். சுண்ணாம்புச் சத்து பேருக்குத்தான் இருக்கும், பி12 அறவே இருக்காது. ஆகவே ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக இதைத் தரவே கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது. காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு சாப்பிடும் வீட்டில் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமில்லை. சைவ வீடென்றால் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பருப்பு வகைகள் தட்டில் தவறாமல் இருக்கட்டும். பி12 பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஓட்ஸ் பாலையும் மாவுச்சத்துக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஓட்ஸின் நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டிய சக்கையிலேயே தங்கிவிடுகிறது.

எந்த ஓட்ஸ் வாங்குவது

தட்டையாக, அவல்போல் முழுசாகத் தெரியும் ஓட்ஸ்தான் வேண்டும். உடனடி ஓட்ஸ் என்று விற்கும் பொடிப்பொடியான ரகம் அரைத்தவுடனே கொழகொழப்பாகும். மசாலா கலந்தது இந்த வேலைக்கு ஆகாது. உடைத்த ஓட்ஸ் கிடைத்தால் இரவு முழுக்க ஊற வைத்தாக வேண்டும். அந்தச் சிரமம் தேவையில்லை. உதிரியாக வாங்குவதென்றால் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். ஓட்ஸில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். கடலோரப் புழுக்கத்தில் திறந்த மூட்டையில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும். அந்த வாடை பாலில் இரண்டு மடங்காகத் தெரியும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உதிரி ஓட்ஸை வாங்கவே வேண்டாம். அறுவடையிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும் வாய்ப்பு உண்டு; குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட பாக்கெட்டே பாதுகாப்பு.

பச்சையாக அரைத்து எடுக்கும் பால்

அளவு எளிது: ஒரு கப் ஓட்ஸ், அதாவது ஏறத்தாழ 90 கிராம், நான்கு கப் தண்ணீர். டீக்கும் காபிக்கும் கொஞ்சம் அடர்த்தி வேண்டுமென்றால் மூன்று கப் போதும்.

தண்ணீரை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கேன் தண்ணீரோ கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ நல்லது, ஏனென்றால் இந்தப் பாலை நாம் அடுப்பில் ஏற்றிக் கிருமி நீக்கப் போவதில்லை. மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் உள்ளே வைத்தால் இன்னும் சிறப்பு. மறந்துவிட்டீர்களா? அரைக்கும்போது ஐந்தாறு ஐஸ் கட்டிகளைப் போட்டு அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். நம் மிக்ஸி சட்னி அரைப்பதற்கென்று செய்தது. ஒரு நிமிடம் விடாமல் ஓடினால் அதன் சூடே ஓட்ஸின் பசையை வெளியே இழுத்துவிடும்.

ஓட்ஸை ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி உடனே வடித்துவிடுங்கள். ஊற வைக்க வேண்டாம். ஜாரில் ஓட்ஸ், பாதித் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பத்துப் பத்து நொடியாக மூன்று முறை ஓட்டுங்கள். மொத்தம் 30 நொடி. நைசாக வேண்டும் என்ற ஆசையில் இன்னொரு சுற்று ஓட்டாதீர்கள். கரகரப்பாக இருக்கும்போதே மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு கலக்குக் கலக்குங்கள்.

வடிகட்டுவதில்தான் நம் கைப்பழக்கம் குறுக்கே வரும். தேங்காய்ப்பாலை ஒட்டப் பிழிந்தே பழகிய கை இது. ஓட்ஸைப் பிழிந்தால் பசை இறங்கிவிடும். பழைய வேட்டித் துணியையோ மல் துணியையோ பாத்திரத்தின் மேல் விரித்து ஊற்றி, தானாக இறங்கும்வரை விட்டுவிடுங்கள். கடைசியில் துணியைத் தூக்கி லேசாக அசைத்தால் போதும். துணியை அலசிவிட்டு இரண்டாம் முறையும் வடிகட்டுங்கள். முதல் வடிகட்டலில் தப்பிய மாவு இதில் நின்றுவிடும்.

இப்போது கொழுப்பைக் கவனிப்போம். ஆவினின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நாம் எடுத்த ஓட்ஸ் பாலில் 1 சதவீதம்கூடத் தேறாது. வாயில் வைத்தால் தண்ணீராகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பத்துப் பதினைந்து முந்திரியைச் சுடுநீரில் ஊற வைத்துத் தனியாக விழுதாக அரைத்துக் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீர்த்தன்மை பெரிதும் குறையும். தினமும் முந்திரி கட்டுப்படியாகாது என்றால், வாசனையில்லாத எண்ணெய் இரண்டு டீஸ்பூன் விட்டு வடிகட்டிய பாலை ஒரு சுற்று மிக்ஸியில் அடியுங்கள். கடையில் விற்கும் பாக்கெட்டுகளிலும் எண்ணெய் சேர்த்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் ஃபிரிட்ஜில் உறைந்து துணுக்குகளாக மிதக்கும், அது வேண்டாம்.

கேழ்வரகு முளை செய்யும் உதவி

பச்சை ஓட்ஸ் பால் குளிர்ந்த பானத்துக்கும் குருமாவுக்கும் அருமை. ஆனால் டீயில் விட்டு ஒரு கொதி வந்தால் கஞ்சியாகிவிடும். கடை ஓட்ஸ் பால் மட்டும் ஏன் கெட்டியாவதில்லை? ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ரிக்கார்ட் ஓஸ்தே என்ற உணவியல் அறிஞர் இதற்கு வழி கண்டார். மாவுச்சத்தை நொதிகளால் உடைத்துவிட்டால் அது மீண்டும் கெட்டிப்படாது. உடைந்த மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாவதால் லேசான இனிப்பும் வரும். ஓட்ஸ் பால் விற்கும் ஓட்லி நிறுவனம் இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான்.

அந்த வேலையைச் செய்யும் அமைலேஸ் நொதி, முளைகட்டிய கேழ்வரகிலும் நிறைய இருக்கிறது. குழந்தைக்கு ஊட்டும் கெட்டிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்தால் அது இளகிவிடுவதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கும் வடசென்னையில் கேழ்வரகு இல்லாத மளிகைக் கடையைப் பார்க்க முடியாது. இந்த இடத்தில் நாம் பாக்கெட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

கடையில் விற்கும் முளைகட்டிய மாவு பெரும்பாலும் வறுத்தது. வறுத்தால் நொதி செத்துவிடும். ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள். ஒரு கப் கேழ்வரகை இரவு முழுக்க ஊற வைத்துக் காலையில் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். நன்றாக வெயிலில் காய வைத்து, வறுக்காமல் பொடித்து, சலித்து டப்பாவில் வையுங்கள். முளைகட்டும்போது பூஞ்சையோ கெட்ட வாடையோ தென்பட்டால் இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள்.

இனி பால். ஒரு கப் ஓட்ஸை இரண்டு கப் தண்ணீருடன் அரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிளறுங்கள். கஞ்சியாகத் திரண்டதும் இறக்கி ஆறவிடுங்கள். 60 முதல் 65 டிகிரிவரை என்பது கணக்கு. சமையல் வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள்: கை ஒரு நொடி தாங்கும், அதற்குமேல் தாங்காது என்ற சூடு. அதைவிடக் கொதிக்கும் நிலையில் போட்டால் நொதி அழிந்துவிடும். வெதுவெதுப்பில் போட்டால் மந்தமாக வேலை செய்யும். இரண்டு டீஸ்பூன் முளை மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடி, அரை மணி நேரம் வையுங்கள். திறந்து பார்த்தால் கரண்டியில் ஒட்டிய கஞ்சி தண்ணீராக ஓடும். நாக்கில் வைத்தால் இனிப்புத் தட்டும். உடனே மீண்டும் அடுப்பில் ஏற்றி ஒரு முழுக் கொதி விடுங்கள். நொதியின் வேலையை நிறுத்தவும், வேகாத முளை மாவிலிருக்கும் கிருமிகளை அழிக்கவும் இந்தக் கொதி கட்டாயம். ஆறிய பின் இரண்டு முறை வடிகட்டி, கொதித்து ஆறிய தண்ணீரை விட்டு நான்கு கப் வரும்படி செய்துகொள்ளுங்கள். நிறம் கொஞ்சம் பழுப்பாக இருக்கும், கேழ்வரகு மணமும் மெல்ல வரும். எனக்கு அந்த மணம் டீயில் பிடிக்கும். காபியில் சிலர் முகம் சுளிப்பார்கள்.

டீயும் காபியும்

டீக்குப் பாலையும் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிடும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். இரண்டு தம்ளருக்கு ஒன்றேகால் கப் தண்ணீரில் தட்டிய இஞ்சியையும் ஏலக்காயையும் போட்டுக் கொதிக்க விட்டு, இரண்டரை டீஸ்பூன் தூளைச் சேர்த்து இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடுங்கள். பாலிலுள்ள கேசீன் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். ஓட்ஸில் அது இல்லாததால், வழக்கம்போல் கொதிக்கவிட்டால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். முக்கால் கப் ஓட்ஸ் பாலைத் தனியாக, ஓரத்தில் ஆவி கிளம்பும் அளவுக்கு மட்டும் சுட வைத்து, டீயை வடித்து அதில் ஊற்றி இரண்டு முறை ஆற்றுங்கள். முளை மாவு முறையில் எடுத்த பாலென்றால் கொதித்தாலும் பயமில்லை. இஞ்சி டீ பிரியர்களுக்கு ஒரு நிம்மதி: பச்சை இஞ்சியிலுள்ள நொதி கேசீனைத் தாக்குவதால் மாட்டுப்பால் திரிந்துபோவதுண்டு. ஓட்ஸ் பாலில் அந்தத் தொல்லை கிடையாது.

காபியில் சிக்கல் வேறு. டிகாஷனின் புளிப்புத்தன்மை பட்டதும் ஓட்ஸின் சிறிதளவு புரதம் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். பாக்கெட் பாலில் இதைத் தடுக்கப் பாஸ்பேட் உப்பு சேர்க்கிறார்கள். வீட்டில், இறக்கியவுடன் இருக்கும் கொதிக்கும் டிகாஷனை இரண்டு நிமிடம் ஆறவிட்டு, சூடான ஓட்ஸ் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டிகாஷனில் பாலை ஊற்றாதீர்கள். நன்கு வறுத்த கொட்டையின் தூளில் புளிப்புக் குறைவு. அதை வாங்குவதும் உதவும். டபராவில் நுரை பொங்க ஆற்றும் இன்பம் முழுமையாகக் கிடைக்காது. முந்திரி விழுது சேர்த்த பாலில் ஓரளவு கிடைக்கும்.

குருமா, சால்னா, சூப்

கெட்டிப்படும் குணம் இங்கே வரமாகிறது. பரோட்டாவுக்கான சால்னாவிலும் காய்கறிக் குருமாவிலும் காய் வெந்து, தேங்காய் சோம்பு விழுதின் பச்சை வாசனை போன பிறகு, அரை கப் பச்சை ஓட்ஸ் பாலை ஊற்றுங்கள். சிறுதீயில் மூன்றே நிமிடம். கசகசாவும் கூடுதல் முந்திரியும் இல்லாமலே குழம்பு திரண்டு பளபளக்கும். தக்காளியின் புளிப்பால் ஓட்ஸ் பால் லேசாகப் பிரிந்தாலும் கிளறினால் சேர்ந்துவிடும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அடிப்பிடிக்கும், மறுசூடு செய்யும்போது களியாகும். காளான் சூப், சோளச் சூப், பிள்ளைகள் கேட்கும் வெள்ளை சாஸ் பாஸ்தா எல்லாவற்றிலும் மைதாவையும் வெண்ணெயையும் இது ஒன்றே ஈடுசெய்யும். பூண்டை எண்ணெயில் வதக்கி ஓட்ஸ் பாலை விட்டுக் கிளறினால் போதும்.

பிரியாணிக்குக் கறியைத் தயிரில் ஊற வைப்பவர்கள் ஓட்ஸ் பாலைத் தேட வேண்டாம். அங்கே தேவை புளிப்பு. எலுமிச்சைச் சாறும் கூடுதலாக ஒரு தக்காளியும் அந்த வேலையைச் செய்யும்.

இனிப்புகள்

சேமியா பாயசம் நிச்சயமாக நன்றாக வரும். அரை கப் சேமியாவை வறுத்து, ஒன்றரை கப் தண்ணீரிலேயே முழுக்க வேகவிடுங்கள். அரை கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து ஒரு கொதி விட்டபின், ஒன்றரை கப் ஓட்ஸ் பாலை ஊற்றி, விளிம்பில் குமிழ் வரும்போதே அடுப்பை அணையுங்கள். வெல்லம் பட்டால் பால் திரிந்துவிடுமே என்று ஆறவிட்டுக் காத்திருக்கும் வேலை இதில் இல்லை. ஆறும்போது இறுகும், பரிமாறும்போது இளக்கிக்கொள்ள அரை கப் பாலைத் தனியே வைத்திருங்கள்.

கேசரியில் ரவையும் கெட்டியாகும், ஓட்ஸும் கெட்டியாகும் என்பதால் பாதித் தண்ணீர், பாதி ஓட்ஸ் பால். கேக் மாவிலும் பான்கேக்கிலும் பாலின் அளவுக்கு அதே அளவு ஊற்றலாம்.

பால் கொழுக்கட்டை, ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் பால், பாசிப்பருப்புப் பாயசம்: இவற்றுக்குத் தேங்காய்ப்பால்தான். தேங்காய்ப்பால் அழகாகப் பொருந்தும் இடத்தில் ஓட்ஸ் பாலைத் திணிப்பது சுவைக்குச் செய்யும் அநியாயம். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஏடு ஏடாகச் சுண்டக் காய்ச்சித் தரும் ரப்டியும், பால்கோவாவும், திரட்டுப்பாலும் ஓட்ஸில் வரவே வராது. சுண்டச் சுண்டக் களிதான் மிஞ்சும்.

வெயில் காலத்துக்கு ரோஸ் மில்க். அடர்த்தியான பச்சைப் பால், ரோஸ் சிரப், ஊறிய சப்ஜா விதை, ஐஸ். சூடு படாத பானம் என்பதால் பக்குவம் தவற வழியே இல்லை. முதல் முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

தயிரும் மோரும்

ஓட்ஸ் பாலில் உறை ஊற்றினால் புளிக்கும், ஆனால் தயிராக இறுகாது. இறுகுவதற்குக் கேசீன் வேண்டும். தயிர்சாதத்துக்கு ஆசைப்படுபவர்கள் வேர்க்கடலைப் பாலுக்குப் போங்கள். ஊறிய ஒரு கப் பச்சை வேர்க்கடலையை மூன்று கப் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பில் ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் புளித்துத் திரளும். முதல் முறை நெகிழ்வாக இருக்கும். அதையே உறையாக எடுத்து அடுத்த முறை ஊற்றினால் இறுக்கம் கூடும்.

மோர்க்குழம்பு மட்டும் ஓட்ஸ் பாலில் ஓரளவு கைகூடுகிறது. ஊறிய கடலைப்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் விழுதை நன்கு கொதிக்கவிட்டு, ஓட்ஸ் பாலை ஊற்றி நுரைத்து வந்ததும் இறக்கி, ஆறத் தொடங்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். வெண்டைக்காயைவிட வெள்ளைப்பூசணி பொருத்தம். ஏற்கெனவே கொழகொழப்பான குழம்பில் வெண்டைக்காயும் சேர்ந்தால் தாங்காது.

பாக்கெட் வாங்கினால்

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி பால் என்ற பெயர் விலங்கிலிருந்து கறந்ததற்கே உரியது. அதனால் கடைகளில் ஓட்ஸ் பானம் என்று எழுதியிருக்கும், பால் அடுக்கிய பக்கத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பின்புறம் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சர்க்கரை சேர்க்காததா, சுண்ணாம்புச் சத்தும் பி12உம் சேர்த்ததா, ஓட்ஸின் சதவீதம் எவ்வளவு. குருமாவுக்கு வாங்கும்போது வெனிலா மணம் கலந்ததை எடுத்துவிடாதீர்கள். ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். சுண்ணாம்புச் சத்து அடியில் தங்கும்.

சேமிப்பும் சக்கையும்

வீட்டுப் பாலில் பாதுகாப்புப் பொருள் எதுவுமில்லை. கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜின் கதவில் அல்லாமல் உள்தட்டில் வைத்தால் மூன்று நாள் வரும். அடிக்கடி மின்சாரம் போகும் நாட்களில் இரண்டு நாளுக்கு மேல் நம்பாதீர்கள். வெளியே வைத்தால் நம் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே புளிக்கும். மேலே தெளிந்த நீரும் கீழே வண்டலும் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளமல்ல, குலுக்கினால் கலந்துவிடும். புளித்த வாடை, நூல் இழுக்கும் பிசுபிசுப்பு, குமிழ் — இவை வந்தால் கொட்டிவிடுங்கள்.

வடிகட்டிய சக்கையை எறிய வேண்டாம். அதை அன்றே பயன்படுத்துங்கள். சப்பாத்தி மாவில் ஒரு கைப்பிடி சேர்த்தால் மென்மையாக வரும், தண்ணீரை மட்டும் பார்த்து விடுங்கள். அடை மாவில் பருப்போடு கலக்கலாம். எனக்குப் பிடித்தது இது: சக்கையோடு இரண்டு கரண்டி அரிசி மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு பிடி முருங்கைக்கீரை, உப்பு. கைவிரலை நனைத்துத் தோசைக்கல்லில் ரொட்டியாகத் தட்டி, மூடி போட்டு, இருபுறமும் சிவக்கவிட்டு எடுங்கள். காரச் சட்னியோ முந்தின நாள் மீன் குழம்போ தொட்டுக்கொள்ளுங்கள்.